கொடுக்காத ரசீது

“மனு செவ்வாய்க்கிழமை முற்பகல் பெறப்பட்டது. காலக்கெடு முந்தைய வெள்ளியோடு முடிந்தது. நிராகரிக்கலாம்.”

இந்தக் குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. நகலை இன்றும் வைத்திருக்கிறேன். இதில் உள்ள கிழமைகள் எல்லாம் சரி. ஆனாலும் இது பொய். தெரிந்தே எழுதினேன்!

முதலில் நான் சேலத்தில் வழக்கறிஞர். பிறகு வானொலியில் வாரந்தோறும் சட்டம் சொன்னேன். அந்தக் குரலுக்குக் கிடைத்த பெயர்தான் என்னை அரசுப் பதவியில் உட்கார வைத்தது. வானொலி நிலையங்களுக்கு உரிமம் தரவும் மறுக்கவும் அதிகாரம் உள்ள பதவி.

ஏற்காடு மலைக் கிராமமான தலைச்சோலையில் ஒரு சிறிய சமுதாய வானொலி இருந்தது. எந்த பஸ் வராது, எந்தப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது, காப்பிக்கு என்ன விலை... காலையில் இதையெல்லாம் சொன்ன குரல் ஸ்டெல்லாவுடையது. எஸ்டேட் தொழிலாளியின் மகள். நிலையத்தின் எழுத்து வேலைகளும் அவள் பொறுப்பே.

அவர்களுடைய உரிமத்தைப் புதுப்பிக்கும் மனுவுக்கு வெள்ளி கடைசி நாள். புதன்கிழமை, விடுப்பில் வந்திருந்த நான் ஏற்காடு பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். அவள் உறையோடு ஓடி வந்தாள்.

“சார், இந்த மழையில தபாலு எப்பங்க போய்ச் சேரும்? நீங்களே கையோட கொண்டுபோயிருங்க.”

தயங்கினேன்.

“ஏனுங்க, ரேடியோவுல அத்தன பேசுனீங்க, ஒரு கவரு கனமாவா இருக்கப்போவுது?”

வாங்கிக்கொண்டேன். “இப்படி வாங்குறது முறையில்லம்மா. யார்கிட்டயும் சொல்லிடாத” என்றேன்.

“சொல்லமாட்டனுங்க. ஆனா, எந்தக் காயிதம் குடுத்தாலும் ரசீது வாங்குங்கன்னு வாராவாரம் சொல்லுவீங்களே... உங்ககிட்டயே கேக்கட்டுங்களா?”

இருவரும் சிரித்தோம். நான் ரசீது கொடுக்கவில்லை.

உறையை, படித்துக்கொண்டிருந்த தடித்த வரலாற்று நூலின் நடுவில் செருகினேன். செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில்தான் அந்த நூலை மீண்டும் திறந்தேன்.

மறதி குற்றமா? இல்லை என்று நானே வாதாடுவேன். தாமதத்தை மன்னிக்கும்படி எத்தனை ஏழைகளுக்காக நீதிமன்றத்தில் கெஞ்சியிருக்கிறேன்! ஆனால் மறதிக்குப் பிறகு நான் செய்ததற்கு என்னிடம் வாதம் இல்லை.

‘மனு புதன்கிழமையே என் கையில் தரப்பட்டது.’ இந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். என்னிடம் விளக்கம் கேட்டிருப்பார்கள். போன இடத்தில் மனு வாங்கினான் என்று பேசியிருப்பார்கள். அவ்வளவுதானே! பதவிகூடப் போயிருக்காது...

நான் அந்த உறையை வந்த தபால்களோடு சேர்த்து வைத்தேன். எழுத்தர் முத்திரை குத்தினார். மாலையில் கோப்பு என் மேசைக்கு வந்தது. அந்தக் குறிப்பை எழுதி, நிலையத்துக்குப் போகும் நிராகரிப்புக் கடிதத்திலும் கையெழுத்திட்டேன். நிலையம் நின்றுபோயிற்று.

ஓய்வு பெற்றபின் ஏற்காட்டுக்கே வந்து தங்கிவிட்டேன். இந்த மலையில் நடந்தவற்றைத் தேதி வாரியாக எழுதிவருகிறேன். வானொலி நின்ற தேதிக்காக, அதன் குழுத் தலைவராக இருந்த மளிகைக்கடை சாதிக் பாயிடம் போனேன். எதற்காகக் கேட்டேன்? தேதி எனக்குத் தெரியாதா என்ன?

“தேதியெல்லாம் ஞாபகமில்லீங்க சார். அந்தப் புள்ள கூட்டத்துல எந்திருச்சு, ‘நாந்தானுங்க லேட்டாக் குடுத்துட்டேன்’னு சொல்லுச்சு. நாங்க நொம்பப் பேசிப்போட்டோம். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலீங்க. அப்புறம் எங்க பக்கமே வரலீங்க.”

அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்தேன். அப்போதும் சொல்லவில்லை.

நீங்களே சொல்லுங்கள். என் கடிதத்தில் ‘செவ்வாய்க்கிழமை பெறப்பட்டது’ என்று தெளிவாக இருந்தது. கூட்டத்தில் எழுந்து நிற்கும்முன் அவள் அதைப் படித்திருந்தால், நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரிந்தே, எனக்குக் கொடுத்த வாக்குக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள். படிக்காமல் இருந்திருந்தால், கடைசி நாளைத் தானே தவறாகக் குறித்துக்கொண்டதாக நம்பி இத்தனை காலம் தன்னையே நொந்துகொண்டிருப்பாள். இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவது?

கடிதத்தை யார் பிரித்தார்கள், யார் படித்தார்கள் என்பது சாதிக் பாய்க்கு நினைவில்லை.

ஸ்டெல்லா இப்போது சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கினால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். பஸ் புறப்படும் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். இன்றுவரை ஏறவில்லை.

ஆகவே என் குறிப்பேட்டில், வானொலி நின்ற தேதிக்குக் கீழே இப்படித்தான் இருக்கிறது: அவள் கடிதத்தைப் படித்திருந்தாளா என்பது சரிபார்க்கப்படவில்லை.