ஒரு பிரியதத்த நேரம்

போடிக்குப் போகும் ரயில் பாதையை உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று பெயர்த்து எடுத்துப்போனார்களே, அந்த வருஷம்தான் அவர் எங்கள் மடத்துக்கு வந்தார். பாதையோரம் சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்கி நான் கோழிக்கூடு அடித்தது வேறு கதை. நாகமலைக்கு மேற்கே கத்தோலிக்க மடம். சகோதரர்கள் எட்டுப் பேர். எனக்கு எழுத்து தெரியாது. பூசைக்கு ஓஸ்தி சுடுவது என் வேலை.

ஓஸ்தி என்றால் பூசையில் நாக்கில் வைக்கிற, காகிதம்போல் மெல்லிய அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும்தான், உப்புகூடக் கிடையாது. நீளக் கைப்பிடி வைத்த இரட்டை இரும்புத் தட்டுக்குள் ஊற்றி நெருப்பில் காட்ட வேண்டும். கடிகாரம் ஏது? மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரம் ஒன்று சொல்லி முடித்தால் எடுத்துவிடலாம்.

புதியவர் பேரையூர்ப் பக்கத்துக்காரர். செபம் சொன்னால் இழுவையோ இழுவை. ஒவ்வொரு சொல்லையும் வாயில் ஊறவைத்துத்தான் வெளியே விடுவார். சாயங்காலம் நாங்கள் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்போம், கூழ் ஆறும், அவர் பாதியில் இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்களுக்கோ அது பிடித்துப்போயிற்று.

"அண்ணே, உங்க மந்திரம் நாய் தொரத்துன மாதிரில்ல ஓடுது," என்றார் சமையல் பார்த்த சகோதரர். "அவரு சொல்றதக் கேளுங்க, மாதாவே நின்னு கேக்கும்."

"நின்னு நின்னு காலு கடுக்கும்," என்றேன்.

மடத்துப் பெரிய சாமியார் ஒருநாள், அவருக்கும் ஓஸ்தி சுடக் கற்றுக்கொடு என்றார். எனக்கு வயிறு எரிந்தது. வருகிற விருந்தாளிகளிடம் "இவர்தான் சுடுகிறார்" என்று என்னைக் காட்டுவார்கள். எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"எம்புட்டு நேரம்ணே புடிக்கணும்?" என்று கேட்டார் புதியவர்.

"ஒரு பிரியதத்தம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

என் மந்திரம் முடிகிற நேரத்தில் அவர் பாதிகூடத் தாண்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் அடுப்பங்கரை முழுக்கக் கருகல் வாடை. முதல் தட்டு கருகியதும் கொள்ளியை இழுத்திருக்கிறார். பிறகு இரும்பை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மந்திரத்தை மட்டும் சுருக்கவில்லை.

"கொஞ்சம் வெரசாச் சொல்ல வேண்டியதுதான?"

"மாதாவுக்குச் சொல்றத எப்படிண்ணே வெட்டுறது?"

சண்டைக்காலம், கோதுமைக்கு அலைய வேண்டும். இருந்த மாவெல்லாம் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்த ஓஸ்திகளைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்கள். பெரிய சாமியார் கேட்டபோது, "எங் கைக்குப் பக்குவம் வரல சாமி," என்றார் அவர். பக்கத்திலேயே நின்றேன். இரும்பு என்னிடமே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவர் இழுவைக்கு நான் முகம் சுளித்ததில்லை. அவர் முடிக்கும்வரை கூழைத் தொடமாட்டேன். "அண்ணனுக்கு எம்புட்டுப் பொறுமை!" என்று அதற்கும் என்னைத்தான் மெச்சினார்கள். ஏன் மறைத்தாய் என்று அவர் சாகும்வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுமையிலும் என்னை முந்திக்கொண்டாரே என்று இன்றைக்கும் எரிகிறது.

அவர் தம்பி மக்கள் பேரையூரில் இருக்கிறார்கள். ஓஸ்தி கருக்கிய பெரியப்பா என்று இன்னும் சிரிக்கிறார்களாம். யாராவது அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடுங்கள்: அவர் கை சரியாகத்தான் இருந்தது, சொல்லிக்கொடுத்தவன்தான் மறைத்துவிட்டான்.