பெயரை வெட்டிக் கொடுப்பவர்

சீட்டை அவர் இரண்டு தடவை படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, மாட்டிக்கொண்டு ஒரு தடவை. பிறகு கத்தரிக்கோலை எடுத்து, மேலே பேர் எழுதியிருக்கும் பட்டையை மட்டும் கோணாமல் வெட்டுகிறார். பேர் இல்லாத மிச்சச் சீட்டு கோப்புக்குள் போகிறது. பட்டை, எழுதியவர் கைக்கே திரும்பிப் போகிறது.

அது போகும் விதம்தான் வேடிக்கை. பட்டையை நான்காக மடித்து உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு விமான நிலையம் முழுக்க நடக்கிறார். எதிரே வருகிறவர்கள் எல்லாரிடமும் கை குலுக்குகிறார். பெட்டி ஏற்றுகிறவர், தரை துடைக்கிற அம்மா, தீயணைப்பு வண்டிக்காரர், டவரிலிருந்து இறங்கி வருகிற கட்டுப்பாட்டு அதிகாரி, ஒருவரையும் விடுவதில்லை. நூறு கையில் ஒரு கைக்குள் பட்டை போய்ச் சேர்ந்துவிடும். எந்தக் கை என்று பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. "கை பூரா கிரீஸ் சார்" என்று மெக்கானிக் பின்வாங்கினால், "பரவாயில்ல, கொடுங்க. என் கை மட்டும் என்ன பட்டுத் துணியா?" என்று இழுத்துக் குலுக்குகிறார். மத்தியானத்துக்குள் அவர் வலது கை கறுப்பாகிவிடும்.

எல்லாரும் அவரைத் தபால்காரர் என்கிறார்கள். வேலை என்னவோ பாதுகாப்பு அதிகாரி. வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருடம் தீயணைப்பு வண்டியில் இருந்தவர். இப்போது தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஓர் இரும்பு அலமாரி, ஒரு நாற்காலி, வருகிறவர் உட்கார ஒரு பழைய விமான இருக்கை, பெல்ட்டோடு. மேஜைமேல் நாலு விரல் தடிமனில் சர்வதேச விதிப்புத்தகம். டவரானாலும் சரி, ஓடுபாதையானாலும் சரி, ஆபத்து வருமுன் தேடிப் பிடிக்கிற ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும், தன் தவறைத் தானே வந்து சொல்கிறவனைத் தண்டிக்கக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறதாம். நான் படித்ததில்லை. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

படிக்காமலே, துடைப்பதற்கு ஒரு வாளியும் துணியுமாக இந்த நிலையத்துக்குள் நுழைந்தவன் நான். இன்று உள்ளே ஓடுகிற பெட்டி இழுக்கும் டிராக்டர்களில் நாற்பத்திரண்டு என்னுடையவை. என்னைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் இந்தப் பத்திரிகையின் நாலு இதழ் போதாது. ஆனால் இது அவரைப் பற்றி.

நிலையத்தில் ஒன்பது இடத்தில் மஞ்சள் பெட்டி மாட்டி வைத்திருக்கிறார். யாரும் எதையும் எழுதிப் போடலாம். கழிப்பறை வாசல் பெட்டியில்தான் சீட்டு அதிகம். "அங்கதான் ஐயா மனுஷன் தனியா யோசிக்கிறான்" என்பது அவர் கண்டுபிடிப்பு. சீட்டைப் பற்றிக் கேட்கும்போது அவர் வாயில் 'யார்' என்ற சொல்லே வராது. எங்கே, எத்தனை மணிக்கு, வெளிச்சம் எப்படி, தரை ஈரமா, முந்தின நாள் தூங்கினாங்களா. இவ்வளவுதான் கேட்பார்.

இந்தப் பைத்தியம் வீட்டுக்கும் போயிருக்கிறது. சமையலறைக் கதவில் பத்தாவது பெட்டி. சீட்டு அச்சடிப்பது அவர் மனைவியின் ஜெராக்ஸ் கடையில். ஒருநாள் போயிருந்தபோது அந்த அம்மா சொன்னார்: "ஊர்ல இருக்கற தப்பையெல்லாம் கோப்புல சேர்க்கறார். கடையில கரண்ட் கட்டுன்னு போன் பண்ணா மட்டும் எடுக்க மாட்டார்." மகள், பன்னிரண்டு வயது, வீட்டுப் பெட்டியில் போட்ட முதல் சீட்டை என்னிடம் காட்டினாள். 'குளித்துவிட்டு ஒருவர் தரையைத் துடைக்கவில்லை. நான் வழுக்கினேன். அந்த ஒருவர் அப்பா.' மூன்றாம் நாள் குளியலறை வாசலில் ரப்பர் விரிப்பு வந்துவிட்டதாம். "பேரை வெட்டித் தந்தாரா?" என்று கேட்டேன். "தந்தார் தாத்தா. கை குலுக்கி. வீட்டுல இருக்கறதே மூணு பேர்."

இவரும் நானும் சண்டைக்காரர்களாக இருந்த காலம் உண்டு. என் கொட்டகையில் ஒரே சட்டம்: தப்புப் பண்ணினவன் அன்றைக்கே வீட்டுக்கு. அப்படித்தான் நாற்பத்திரண்டு வண்டியை வளர்த்தேன் என்று மார் தட்டிக்கொள்வேன். அதனால் என் ஆட்களிடமிருந்து மஞ்சள் பெட்டிக்கு ஒரு சீட்டுகூடப் போனதில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "பார்த்தீங்களா தம்பி, எங்க ஆளுங்ககிட்ட தப்பே கிடையாது." அவர் சிரிக்காமல், "பார்த்தேன் ஐயா. அதான் பயமா இருக்கு" என்பார்.

போன வருடம் முதல் சீட்டு விழுந்தது.

பதினாறாம் எண் விமான நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் டிராக்டர் போகும் சாலை, விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழியைக் குறுக்கே கடக்கிறது. கடக்குமுன் தரையில் ஒரு நில் கோடு. அங்கே நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போக வேண்டும். சீட்டில் இப்படி எழுதியிருந்தது: 'காலைல ஆறு பத்து. கோட்டைத் தாண்டிப் போயி நின்னுட்டேன். இடது பக்கம் விமானம் வந்துட்டு இருந்துச்சு. பின்னாடி நாலு டிராலி, ரிவர்ஸ் வராது. அப்படியே குறுக்கால ஓட்டிட்டுப் போயிட்டேன். யாரும் பார்க்கல.'

டிராலி நாலு கோத்த வண்டியைப் பின்னால் எடுக்க யாராலும் முடியாது. எடுத்தால் பாம்பு மாதிரி மடங்கும். அந்த ஆள் செய்தது சரிதான். ஆனால் சர்வதேச ஆடிட் குழு வர இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. நிலைய மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தபால்காரருக்கு வருடா வருடம் நீட்டிக்கிற வேலை. நீட்டிப்புக் காகிதம் கையெழுத்துக்காக அந்த மேஜைமேலேயே கிடந்தது.

"பேரு?" என்றார் மேனேஜர்.

"எங்கிட்ட இல்ல சார். வெட்டி அவங்ககிட்டயே கொடுத்தாச்சு."

"ஞாபகத்துல இருக்கும்ல?"

"இருக்கு சார். அதை வெட்டறதுக்குத்தான் கத்தரிக்கோல் இல்ல."

நான் குறுக்கே விழுந்தேன். "டிராலின்னா என் ஆளுதான். சொல்லுங்க தம்பி, நானே வீட்டுக்கு அனுப்பிடறேன். ஆடிட்காரங்க வரும்போது கொட்டகை சுத்தமா இருக்கணும்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜரிடம் சொன்னார்: "இந்த ஒரு பேரை நான் சொன்னா நாளையிலேருந்து ஒன்பது பெட்டியும் காலியா இருக்கும் சார். அடுத்த தடவை விமானமே வந்துதான் நமக்குச் சொல்லும்."

"அப்ப இந்தக் காகிதத்தை நான் எடுத்து உள்ள வச்சிடவா?"

"அது உங்க இஷ்டம் சார். எனக்கு ரெண்டு நாள் கொடுங்க. ஏன் நடந்துச்சுன்னு கொண்டுவரேன்."

வெளியே வந்ததும் என்னைப் பிடித்தார். "ஐயா, இந்த நிலையத்துலயே நல்லா ஓட்டறவர் நீங்கன்னு சொல்வீங்களே." "சொல்வேனா? அது ஊருக்கே தெரியுமே." "அப்ப நாளைக்குக் காலைல அதே நேரத்துக்கு, நாலு டிராலியோட, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து வரேன்."

எழுபத்தோரு வயதில் உரிமம் புதுப்பித்து வைத்திருக்கிறவன் நான். சந்தோஷமாகப் போனேன். டவரில் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அந்த வழியில் பத்து நிமிடம் விமானம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தரை தகரம் மாதிரி மின்னியது. நான் கவலைப்படவில்லை. அவருக்கு என் வித்தையை விளக்கிக்கொண்டே ஓட்டினேன்.

"காலைல கோடு கண்ணுக்குத் தெரியாது தம்பி. தேடிட்டு இருந்தா வேலை ஆகாது. வலது பக்கம் எண்ணெய் லாரி நிக்குது பாருங்க. அதோட பின் சக்கரம் நம்ம தோளுக்கு நேரா வந்ததும் பிரேக். வண்டி கோட்டுலயே நிக்கும். புதுசா வர்ற எல்லாருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். இருபது வருஷமா."

சக்கரம் தோளுக்கு நேராக வந்தது. பிரேக் போட்டேன். வெண்ணெய் மாதிரி நின்றது.

அவர் இறங்கிப் பின்னால் நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். இரண்டாவது டிராலியைத் தாண்டிப் போய்க் குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தேய்த்தார். "ஐயா, கோடு இங்க இருக்கு" என்றார்.

நான் விமானம் போகிற வழியின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தேன்.

நிலத்தடிக் குழாய் மாற்றுகிற வேலைக்காக, பத்து நாள் முன்பு எண்ணெய் லாரியை இரண்டு வண்டி நீளம் முன்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். லாரி நகர்ந்தது. என் வித்தையும் கூடவே நகர்ந்துவிட்டது. என் ஆட்கள் அத்தனை பேரும் பத்து நாளாகக் கோட்டைத் தாண்டித்தான் நின்றிருக்கிறார்கள். எழுதியது ஒருவர் மட்டும். அந்த ஒருவரைத்தான் நான் வீட்டுக்கு அனுப்பத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் 'பார்த்தீங்களா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். "லாரியை நகர்த்தற நோட்டீஸ் என் மேஜைக்குத்தான் ஐயா வந்துச்சு. இடம் மாறுது, சரின்னு கோப்புல போட்டேன். அதை யாராவது அடையாளமா வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும்." அந்தச் சீட்டில் பட்டையை அவர் வெட்டவில்லை.

எழுதுகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. "எனக்கும் ஒண்ணு கொடுங்க" என்றேன். என் எழுத்து ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு வரும். மூன்று சீட்டு தேவைப்பட்டது. பேர், கம்பெனி பேர், எல்லாம் போட்டு நானே மேனேஜரிடம் கொண்டுபோய் நீட்டினேன். "பேருதானே கேட்டீங்க? எழுதிக்குங்க." அவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்துவிட்டுச் சொன்னார்: "உங்களை எப்படி சார் நான் வீட்டுக்கு அனுப்பறது?" "அதான் எனக்கும் தெரியல" என்றேன். நீட்டிப்புக் காகிதத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. ஆடிட் முடியட்டும் என்றார்.

ஒரு வாரத்துக்குள் கோட்டுக்குக் கறுப்புக் கரை கட்டி, தரையில் சிவப்பு விளக்குப் பதித்து, பக்கத்தில் ஆள் உயரப் பலகை வைத்துவிட்டார்கள். நான் என் கொட்டகையில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரையும் நிற்க வைத்து, லாரி வித்தை தப்பு, அது என் தப்பு என்று சொன்னேன். எழுதினால் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன். ஒருவரும் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் கழிப்பறை வாசல் பெட்டியில் மறுநாள் ஏழு சீட்டு. பிரேக் இழுக்கிற டிராக்டர், தார்ப்பாய் பறக்கிற டிராலி, இருபத்துநாலு மணி நேரம் தூங்காமல் வந்த நாள். மாதக் கடைசியில் அறுபத்து மூன்று. மேனேஜர் தலையில் கை வைத்தார். "ஆடிட் நேரத்துல இவ்வளவு தப்பா?" தபால்காரர் சொன்னார்: "போன மாசமும் இவ்வளவு நடந்திருக்கும் சார். நம்மகிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

முதல் சீட்டை எழுதியது யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எடை போட்டேன். இப்போது விட்டுவிட்டேன்.

ஆடிட் குழுவில் நாலு பேர். மூன்று நாள் புத்தகம் புரட்டினார்கள், கோப்பைப் புரட்டினார்கள். கடைசி நாள் காலையில், குழுவின் தலைவியான அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, டிராக்டர் ஓட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் ஓய்வறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தோம். இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன், மூலையில் ஹெல்மெட் குவியல். அந்த அம்மா கேட்கப் போவது ஒரே கேள்வி என்று எல்லாருக்கும் தெரியும்: தப்பை எழுதிப் போட்டால் உனக்கு என்ன ஆகும்? அந்த எட்டுப் பேர் சொல்கிற பதிலில்தான் தபால்காரரின் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து ஆனது, அவர் இன்றும் அதே படிக்குக் கீழே உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் பிறகு வந்த கதை. அன்று காலை யாருக்கும் எதுவும் தெரியாது.

நான் பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். முதலாளி நின்றால் எட்டுப் பேரும் நல்லதாகவே சொல்வார்கள் என்று எனக்குக் கணக்கு. அவருக்காகத்தான் நின்றேன், சத்தியமாக. அந்த அம்மா வாயைத் திறக்குமுன் அவர் வந்து என் முழங்கையைப் பிடித்தார். "வாங்க ஐயா." "இருங்க தம்பி, நான் இங்க இருந்தாத்தான் உங்களுக்கு…" "தெரியும் ஐயா. வாங்க."

வெளியே கூட்டி வந்து கதவை இழுத்துச் சாத்தினார். தாழ் விழுந்ததா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பேச்சுச் சத்தம் அப்போதும் மெல்லக் கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் பிடித்த முழங்கையை விடவில்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் ஒரு டிராக்டர் இஞ்சின் ஓடியபடி கடகடவென்று நின்றுகொண்டிருந்தது. என்னை அதுவரைக்கும் நடத்திக் கொண்டுபோய், வேறு எதுவும் காதில் விழாதபடி அதன் பக்கத்திலேயே நிறுத்தி, தானும் நின்றுகொண்டார்.