இன்ஸ்பெக்டருக்காகக் கேட்டு வாங்கிய பிள்ளை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் திரேஸ்புரத்துப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள் நான். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நடத்திக்கொண்டு போகவேண்டும். என் கையில் வந்த பிள்ளை ஒன்றுகூட வழியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது கிடையாது. அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷம் அது. வாத்தியார்மாருக்குச் சம்பளத்தைக் கூட்ட மெட்ராசில் சட்டம் போடுகிறார்கள், ஆயா வரைக்கும் உண்டு என்று பேச்சு. என் வீட்டுக்காரர் கடலோடு போய்விட்டார். என் ஆயாச் சம்பளத்தில்தான் நானும் என் மகளும் கஞ்சி குடித்தோம்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கல் வந்தது. சங்கு குளிக்கிற காலம். குடும்பத்தோடு வெளியூர்க் கரைகளுக்குப் போய்விட்டதால் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பெரிய டீச்சர் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒரு பிள்ளை குறையுது. குறைஞ்சா சர்க்கார் உதவி நின்னுரும். சம்பளம் கூடுறது இருக்கட்டும், மொதல்ல ஒன்னத்தான் நிப்பாட்டுவாவ."

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பக்கத்திலிருந்து பிள்ளை கேட்டு வாங்குவது அப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதான். நான் அடுத்த தெருத் துலுக்க வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஆறு வயதில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் சும்மா இருந்தது. அதன் தாயை நான் அக்கா முறையில் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒரே ஒரு நாளைக்கு லாத்தா."

"கல்யாண வீட்டுக்கு அண்டா கேக்க மாதிரி பிள்ளையக் கேக்குதியே, ஏளா! பத்திரமாக் கொண்டாந்து விடு."

பதிவேட்டில் இருந்த, சங்கு குளிக்கப் போன வீட்டுப் பிள்ளை ஒன்றின் பெயரை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அது புனிதையின் பெயர், ஞானஸ்நானப் பெயர். அதற்கு மேல் எதையும் சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. பயத்தில் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

பெயர் கூப்பிட்டதும் அது "உள்ளேன் ஐயா" என்று ஒழுங்காக எழுந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சிரித்தபடி கேட்டார்.

"அப்பா எங்கம்மா, கடலுக்கா?"

"இல்ல. வாப்பா கொழும்புல கடையில இருக்காவ."

பின்னால் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பெரிய டீச்சர் சுவரைப் பார்த்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீதான் கூட்டியாந்தியா?"

"ஆமாய்யா." பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"அடுத்த வருசம் நான் வாரப்ப இந்தப் பிள்ளை இங்கன இருக்கணும். சொந்தப் பேர்ல. இருக்குமா?"

தலையை ஆட்டினேன். அவர் நோட்டில் ஏதோ எழுதி மூடினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்குச் சாயந்திரமே அந்தத் தாயிடம் போய் அழாக்குறையாகக் கேட்டு, பிள்ளையை அதன் சொந்தப் பெயரிலேயே சேர்த்தேன். சைக்கிள் மணி கேட்டாலே, என்னை நிப்பாட்டின உத்தரவைத் தபால்காரர் கொண்டுவருகிறார் என்று வாசலுக்கு ஓடுவேன். வந்தது சம்பளம் கூடின உத்தரவுதான். எனக்கும் இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் விடியுமுன்னே வாசலில் போய் நிற்பேன்.

"எம்பிள்ளைய நீ தத்து எடுத்துட்டியா?" என்று அந்தத் தாய் கேலி செய்வாள்.

மறுவருஷம் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வெயில் தாங்காமல் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பிள்ளை முதல் பெஞ்சியில் கைகட்டி உட்கார்ந்திருந்தது. அவர் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் நான்தான் மோர்ச் செம்பும் கையுமாக வாசலிலேயே நின்றேன்.