சாக்பீஸ் தேய்த்த கறை

அந்த நெசவு ஆலையில் செக்கிங் அக்கா என்றால்தான் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. சாய்வான கண்ணாடி மேசை, அடியில் குழல் விளக்கு, மேலே ஓடும் துணி. இழை அறுந்திருந்தாலோ எண்ணெய் சொட்டியிருந்தாலோ ஓட்டத்தை நிறுத்தி அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒவ்வொரு சுருளோடும் ஓர் அட்டை வரும்: எந்தத் தறி, எந்த ஷிப்ட், யார் கை. பதினோரு வருஷத்தில் ஊர் பேர் தெரியாத குறை என்று ஒன்றை அவள் கண்டதில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் அட்டையே இல்லாமல் ஒரு கேள்வி ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தது.

மகளுக்கு வீட்டில் மகாராணி என்று பெயர். காரணம் அவள் நாற்காலி. இடுப்புக்கும் மார்புக்கும் பட்டை, தலைக்கு இருபுறமும் மெத்தை, காலுக்குப் பலகை என்று பிசியோ அம்மா அளவெடுத்துச் செய்யச் சொன்னது. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், இடது கை முறுக்கிக்கொள்ளும், ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் ஒரு பஸ் வந்து போய்விடும். ஆனால் வந்த வாக்கியம் வீண்போனதில்லை. ஒருமுறை சித்தப்பா வந்து "பாவம் குழந்தை" என்று உச்சுக்கொட்டினார். மகாராணி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பட்டன்... மாத்தி... போட்டிருக்கீங்க" என்றாள். சித்தப்பா அதன்பின் அந்த வீட்டில் யாருக்காகவும் பாவப்படவில்லை.

மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீடு நீதிமன்றமாகிவிட்டது. மாடியில் குடியிருந்த நாத்தனார்தான் நீதிபதி. மாசமாக இருக்கும்போது பஸ்ஸில் குலுங்கியது, நின்றபடி வேலை பார்த்தது, போனை வயிற்றின் மேல் வைத்தது என்று ஏழு குற்றச்சாட்டுகள். ரொட்டி வேன் ஓட்டும் கணவன் "விடுக்கா" என்பதோடு வாதத்தை முடித்துக்கொள்வான். நாத்தனாருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. செக்கிங் அக்கா தன் மனசுக்குள் வைத்திருந்த பட்டியலில் இருபத்து மூன்று இருந்தன.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்று தீர்மானித்ததும் அந்தப் பட்டியலை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் பொறுமையாக இருபத்து மூன்றையும் படித்தார்.

"நாலாம் மாசக் காய்ச்சல வேணும்னா ஒரு கேள்விக்குறியோட வெச்சுக்கலாம். மத்ததெல்லாம் அடிச்சிடலாம்."

"அப்ப எதனாலதான் டாக்டர்?"

"மூளையில அசைவப் பாத்துக்குற இடத்துல பாதிப்பு. அதுவும் பெரும்பாலும் பொறக்குறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். எதனாலன்னு பல பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதும்மா."

"யாரும் காரணம் இல்லையா?"

குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தால் மனுஷர்கள் சந்தோஷப்படுவார்கள். இவளுக்கோ சப்பென்று ஆகிவிட்டது. காரணமில்லாத குறை என்பது அவள் தொழிலுக்கே இழுக்கு.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினார். ரூபெல்லா தடுப்பூசி இப்போதே, அதன்பின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். ஃபோலிக் மாத்திரை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்த வகை பார்க்க வேண்டும். தானாக எந்த மாத்திரையும் விழுங்கக் கூடாது. கடைசியாக எழுதியதன் அடியில் இரண்டு கோடு போட்டார்: காய்ச்சல், ரத்தம், நீர்க்கசிவு, குழந்தை அசைவு குறைவது, எதுவானாலும் உடனே வர வேண்டும்.

அட்டை சமையலறைக் கதவில் ஏறியது. ஊசி, மாத்திரை, பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி விழுந்தது. நாள் தள்ளிப்போனதும் ஆலையில் உயரமான முக்காலி கேட்டு வாங்கி, உட்கார்ந்தபடியே துணி பார்த்தாள். அட்டையில் இல்லாத தடைகளை நாத்தனார் வாய்மொழியாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்.

முப்பதாவது வாரம், திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, அடுப்பின் முன் நிற்கும்போது பாவாடை நனைந்தது. கொஞ்சம்தான். சிறுநீராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசனை அப்படிச் சொல்லவில்லை. பழைய துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். அட்டை கண்ணுக்கு நேரே தொங்கியது. அதைப் பார்க்காமல் குழம்பைக் கிண்டினாள்.

மறுநாள் காலை படிக்கட்டில் நாத்தனார் வழிமறித்தார்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் வரல அண்ணி."

"நேத்து பஸ்ல நின்னுட்டு வந்தியாமே? ஒருத்தி பாத்துட்டு வந்து சொன்னா."

"இல்லையே, சீட்டு கிடைச்சுதே."

கிடைக்கவில்லை. இந்த நேரத்தில் கசிவைப் பற்றி வாயைத் திறந்தால், எட்டாவது குற்றச்சாட்டு பிறந்து ஆயுசுக்கும் கூடவே நடக்கும். அவள் வேலைக்குப் போனாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஜாதி மனுஷர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அன்று அவளே தும்பை விட்டாள்.

மூன்றாவது சுருளில், வெள்ளைத் துணியின் நடுவே வெள்ளையை விட வெளுப்பாக ஓர் இடம் ஓடிவந்தது. நிறுத்தி, விரலை ஈரமாக்கித் தேய்த்தாள். சாக்பீஸ் மாவு வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். அட்டையைப் பார்த்து ஒன்பதாம் தறிக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது என்ன?"

"துணி."

"துணிக்கு மேல?"

மீசையைத் தடவினார். "கொஞ்சம் சாக்பீஸ்."

"எண்ணெய் எப்ப விழுந்துச்சு?"

"நேத்து சாயந்தரம்."

"நேத்தே சொல்லியிருந்தா அப்பவே தொடச்சு எடுத்திருக்கலாம்ல? இப்ப ஊறிப்போச்சே."

"சொல்லத்தாம்மா நெனச்சேன். சொன்னா கறையவா பாக்கறாங்க? யாரு, எப்படின்னு பேரத்தான் பலகையில ஏத்தறாங்க. சாக்பீஸ் தடவினா ஒரு நாளாவது நிம்மதியா இருக்கலாம். ஒனக்கென்ன, நீ குத்தம் கண்டுபிடிக்கிறவ. பண்றவங்க கஷ்டம் ஒனக்கு எங்க தெரியும்."

சிவப்பு அம்பு அவள் விரல் நுனியிலேயே நின்றது. மடித்து வைத்த துணி மறுபடி நனைவது தெரிந்தது. அவள் மேசை விளக்கை அணைத்தாள்.

"ஒங்க கறைய அப்புறம் பாக்கறேண்ணே. கேட்ல சொல்லி ஒரு வண்டி கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்கு."

அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எப்பலேருந்து கசியுது?"

"காலையிலேருந்து," என்றது நாக்கு. அது பழகிய வழி. விரலில் அம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். நேத்து சாயந்தரம் ஆறு மணிலேருந்து. சொல்ல பயமா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. நேரத்தை எழுதிக்கொண்டார். "இத சரியா சொன்னீங்களே, அது போதும். தொற்று ஏறாம மருந்து போடணும். குழந்தை நுரையீரலுக்கு ஒரு ஊசி. வலி வந்துடுச்சுன்னா மூளையப் பாதுகாக்க மக்னீசியம் ஏத்துவோம்." பதினோரு வருஷமாகப் பிறரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவளுக்கு, திட்டு விழாததே ஒரு குறையாக இருந்தது.

"அத ஏத்துனா ஒண்ணும் வராதா?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன். வர்ற வாய்ப்பு குறையும்."

வியாழக்கிழமை காலை வலி வந்தது. மக்னீசியம் ஏறியதும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அடுப்புக்குள் வைத்தது போலக் கொதித்தது. மதியம் பையன் பிறந்தான். எல்லாவற்றையும் ரொட்டியால் அளந்தே பழகிய கணவன், கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு பாக்கெட் இருப்பான்," என்றான்.

மறுநாள் நாத்தனார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"எதனால இப்படி ஆச்சாம்?"

"தெரியல அண்ணி."

"பஸ்ல..."

"நின்னுட்டுதான் வந்தேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அதனாலயான்னு டாக்டர கேட்டுட்டேன், இல்லன்னுட்டாங்க. நீர் கசிஞ்சதுக்கு யாரு காரணம்னு தெரியாது. ஆனா அதுக்கப்புறம் ஒரு ராத்திரி முழுக்க வாயத் தொறக்காம கெடந்தேனே, அதுக்கு யாருன்னு தெரியும்."

"யாரு?"

"நாம ரெண்டு பேரும்."

நாத்தனார் ஒரு பழத்தை எடுத்து உரித்தார். நாரையெல்லாம் களைந்தார். பிறகு பாதியைத் தம்பி மனைவியின் கையில் வைத்தார். அந்தக் குடும்பத்து வரலாற்றில் அது முதல் முறை.

ஏழு வாரம் கழித்துப் பையன் வீட்டுக்கு வந்தான். தலை ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா அதோடு "இப்போதைக்கு" என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். தலை எப்போது நிற்கிறது, இரண்டு கையும் ஒரே மாதிரி நீளுகிறதா என்று இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கதவில் புது அட்டை ஏறியது. அதில் காரணம் எழுத இடம் விடவில்லை. எட்டாவது குற்றச்சாட்டைத் தயாராக்கிக்கொண்டு வந்த அக்கம்பக்கத்துப் பெண்ணிடம் நாத்தனார், "ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டதாகக் கேள்வி.

மகாராணி தம்பியை மடியில் வைக்கச் சொன்னாள். அம்மா தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பஸ் வந்து போகும் நேரம் ஆயிற்று.

"பாப்பா... என்ன மாதிரியா?"

செக்கிங் அக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். பூசி மெழுக நாலைந்து பதில்கள் வாய் வரை வந்தன.

"தெரியலடி கண்ணு. பாத்துக்கிட்டே இருப்போம்."

மகாராணி வலது கையால் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்காலி... தர மாட்டேன்," என்றாள். பிறகு, தீர்ப்பை லேசாகத் தளர்த்தி, "வேற... செஞ்சுக்கலாம்."