மாற்றி மடித்த இலை

அந்த இலை கரும்பச்சையாக, தணலில் வாட்டிய வாசனையோடு, ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல் இருந்தது. அவர் சாப்பிட்டு முடித்து மடித்து வைத்திருந்ததை நான் எட்டிப் பிரித்து, மறுபக்கமாக மடித்தேன். சிரித்துக்கொண்டே மடித்தேன். நான் செய்த அசட்டுத்தனங்களில் பாதி எனக்கே மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

அவர் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் என் டீம் லீட். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "லீட் கீட்லாம் வேணாம், அண்ணான்னே கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டார். அளந்து பேசுகிறவர். எனக்கோ வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஆபீசிலிருந்து சில நிமிட ரயில் தூரத்தில், ஜர்னல் ஸ்கொயரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஆறே மேஜைகள் கொண்ட ஒரு வெனிசுவேலா உணவகம் இருந்தது. டிசம்பர் பிறந்ததும் அதன் கண்ணாடிக்குப் பின்னால் கடைக்கார அம்மாள் வாழையிலைகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினார். மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, இலையில் பொதிந்து, நூல் கட்டி வேகவைக்கும் அயாக்கா என்ற கிறிஸ்துமஸ் பண்டத்துக்கான இலைகள் அவை. இதை ஆபீசில் பெரிய கண்டுபிடிப்பு போல எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் என் இருக்கைக்கு வந்து, "நாளைக்கு லஞ்சுக்கு அந்த இலைக் கடைக்குப் போலாமா? நான்தான் வாங்கித் தருவேன், நீ பர்ஸை எடுக்கவே கூடாது" என்றார்.

மறுநாள் அவர் முகத்தில் மீசை இல்லை. "மீசை எங்கண்ணா? அண்ணி எடுக்கச் சொல்லிட்டாங்களா?" என்று ரயிலிலேயே ஆரம்பித்தேன். லேசாகச் சிரித்தார். கடையில் அயாக்கா வேண்டாம், இறைச்சியே வேண்டாம் என்றார். சிக்கன் இல்லாமல் மதியம் சாப்பிடாத மனிதர்! அதையும் கிண்டல் செய்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் வெறும் இலை விரித்து, அதில் சாப்பாடு வைக்க முடியுமா என்று அந்த அம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த அம்மாள் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு இலைகளை ஈரத்துணியால் துடைத்துத் தட்டுகளில் விரித்து, வெள்ளைச் சோறும் கறுப்பு பீன்ஸும் பொரித்த வாழைக்காய்த் துண்டுகளும் வைத்தார். எனக்கு மட்டும் கூடவே ஓர் அரேப்பா, வெள்ளைச் சோள மாவில் தட்டிச் சுட்ட தடித்த அடை, நடுவே கீறி சீஸ் அடைத்தது.

"முதல்ல நீ சாப்பிடும்மா" என்று அவர் காத்திருந்தார். பீன்ஸில் லேசான இனிப்பு இருந்தது. முதல் வாயில் பிடிக்கவில்லை, மூன்றாவது வாயில் பிடித்துப்போனது. "ரசம் மட்டும் இருந்தா கல்யாணப் பந்திதான் அண்ணா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கூடுதலாக வாங்கிய சோற்றைத் தன் கையாலேயே என் இலையில் வைத்தார். நான் போதும் போதும் என்றபிறகும் வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். விருந்தில் இலையை நம் பக்கமாக மடிப்போம். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டுச் சாப்பாட்டில்தான். எனக்கு அது தெரியும். தெரிந்த திமிரில்தான் கையை நீட்டினேன். "அமெரிக்கா வந்து எல்லாம் மறந்து போச்சா அண்ணா? இப்படியா மூடுவாங்க?" என்று இலையைப் பிரித்து அவர் பக்கமாக மடித்து வைத்தேன். அவர் "ஆமாம்மா, மறந்து போச்சு" என்றார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எடிசனில், ஓக் ட்ரீ ரோடு கடை ஒன்றில் கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் அவர் மனைவியைப் பார்த்து வாழ்த்துச் சொன்னேன். "எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்லம்மா. மாமனார் தவறிட்டாரே, இவர் சொல்லலியா?" என்றார். விசா ஸ்டாம்பிங் சிக்கலில் அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல ஆளில்லை. தம்பி கொள்ளி வைத்ததை இவர் போனில் பார்த்திருக்கிறார். "பதினாறாம் நாள் யாருக்காவது இலை போட்டுச் சாப்பாடு போடணும்னார். எங்க டீம்ல ஒரு பொண்ணு இருக்கு, அத கூட்டிட்டுப் போறேன்னு போனார்."

மீசை, இறைச்சி, இலை. மூன்றும் என் கண்ணெதிரே இருந்தன. ஊரில் எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும். அமெரிக்காவில் எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் ஆபீஸ் போனேன். அவர் மென்பொருள் ரிலீஸ் தேதியைப் பற்றிப் பேசுவார், நானும் அதையே பேசிவிட்டு வருவேன். இப்படியே எட்டு மாதம் ஓடியது. கான்ட்ராக்ட் முடிந்து அவர் டெக்சஸ் போய்விட்டார். கடைசி வரை நான் கேட்கவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

பல வருஷம் கழித்து, போன டிசம்பரில் பழைய டீமின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அண்ணாவுக்கு மாரடைப்பு. நான் பார்த்தபோது எல்லாம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நாளை எண்ணி, பதினாறாம் நாள் மதியம் என் மகளை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அந்த அம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது. இலை கேட்டேன். சோறு, கறுப்பு பீன்ஸ், பொரித்த வாழைக்காய். மகளை முதலில் சாப்பிடச் சொல்லி, அவள் போதும் என்றபிறகும் வைத்தேன்.

சாப்பிட்டு முடித்து என் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தேன். கல்யாண வீடுகளில் நான் சொல்லிச் சொல்லிப் பழக்கியவள், "ராங் சைடும்மா" என்று சிரித்தபடி கையை நீட்டினாள். இலையைத் தொடுமுன் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லடா. இன்னிக்கு இப்படித்தான்" என்று சொல்லி, யாருக்காக என்பதையும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. அன்று என் சிரிப்பு அப்படி நிற்கக் கூடாது என்றுதான் அவர் என் கையைப் பிடிக்கவில்லை.