குளிர்பானக் கடையில் ஒரு மூலை

எங்கள் தெருவில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். இஸ்திரி போடுகிறவள். அவள் மடித்துக் கொடுத்த சட்டையால் காய்கூட நறுக்கலாம் என்று கேலி பேசுவார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "எதை வேணாலும் நிமித்திடுவேன். இவர் மூஞ்சியைத்தான் முடியல" என்று புருஷனைக் காட்டுவாள். துணிகளை சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. அந்த உம்மணாமூஞ்சியும் அப்போது சிரித்துவிடும்.

நான் அவர்களுக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

அக்காவுக்கு சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரைக்கு அடங்காமல் காலையும் மாலையும் ஊசி என்றாகிவிட்டது. மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், சூடு பட்டால் வீரியம் போய்விடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். எங்கே வைப்பது? தகரக் கூரை, நாள் முழுக்கக் கரி கனலும் இஸ்திரிப் பெட்டி, காற்று வர ஒரு கதவு. அந்த அறையில் மெழுகுவத்திகூட வளைந்துதான் நிற்கும்.

முனைக் குளிர்பானக் கடைக்காரர்தான் கைகொடுத்தார். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு மூலை. காசு கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை அக்கா போவாள். காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தானே ஊசி போட்டுக்கொண்டு, மருந்தைத் திரும்ப வைத்துவிட்டு வருவாள். "எனக்குத்தான் கொடுத்துவைக்கல. என் மருந்தாவது குளுகுளுன்னு இருக்கட்டும்" என்பாள்.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதே விசாரணை.

"என்னம்மா சாப்பிடுற? உண்மையைச் சொல்லு."

"ஒண்ணுமே திங்கல டாக்டரம்மா."

"ஒண்ணும் திங்காமலா இவ்வளவு ஏறும்?"

மருந்தின் அளவைக் கூட்டி எழுதி அனுப்புவார்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று புருஷன் நம்பிவிட்டார். சர்க்கரை டப்பாவை டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்து, பாதி வேலையில் திரும்பி வந்து அவள் வாயை மோந்து பார்த்தார். அன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சாகப் பயமில்லடி" என்றாள் மறுநாள் என்னிடம். "திருட்டுத்தனமா தின்னே செத்தாள்னு பேரு வந்துடுமேன்னுதான். நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்க்கா."

நான் நம்பி என்ன ஆக?

அவளுக்குப் பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு கங்கு காலில் விழுந்தது. தோல் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். அந்தப் புண் ஆறவே இல்லை. பாதம் கறுத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே சர்க்கரை ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் இருப்பதைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

உச்சிவெயிலில் அவரும் நானும் ஓடினோம். கடை பூட்டியிருந்தது. பின்பக்கம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து ஷட்டரைத் தூக்கினார். அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. ஃப்ரிட்ஜில் சத்தம் இல்லை. மருந்தை எடுத்த அக்கா புருஷன் அப்படியே நின்றார். பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்தார். டீ கிளாஸைப் பிடித்ததுபோல் இருந்தது.

"ஏன் ஓடல?" என்று கேட்டார்.

"மத்தியானம் அடைக்கிறப்ப அணைச்சிட்டுத்தான் போவேன். ராத்திரியும் அப்படித்தான். திறக்குறப்ப போட்டா யாவாரத்துக்குள்ள ஜில்லுன்னு ஆயிடும். கரண்டு பில்லு கட்டி மாளலைங்க."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே."

சொன்ன பிறகுதான் கடைக்காரருக்கே உறைத்தது. காலிப் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அக்கா தொட்ட வேளைகளில் எல்லாம் அந்த மருந்து ஜில்லென்றுதான் இருந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் யாரைத் திட்டுவது? உதவி செய்த ஒரே மனுஷர் அவர்தான்.

ஆபரேஷன் முடிந்து அக்காவுக்கு நினைவு தெளிந்ததும் புருஷன் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காலிருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நான் திங்கல" என்றாள்.

"நீ திங்கல."

"டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க."

போனோம். வரிசை படிக்கட்டு வரை நின்றது. டாக்டரம்மாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. அக்கா புருஷன் தட்டுத் தடுமாறி, ஃப்ரிட்ஜ், மத்தியானம், கரண்டு பில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்கள்.

"சரிப்பா. இனிமேலாவது வாயைக் கட்டச் சொல்லு. அடுத்தது யாரு?"

அவள் திங்கவே இல்லை என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் பின்னால் நின்றவர்கள் எங்களை ஒதுக்கிவிட்டார்கள்.

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லுன்னாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். அவள் முகம் தெளிந்தது. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவங்க மன்னிப்பு கேட்டாச்சு. நீங்க?"

அவர் இடுப்புக் கயிற்றிலிருந்த டிரங்குப் பெட்டிச் சாவியை அவிழ்க்கப் பார்த்தார். இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போனது. கடைசியில் மடிப்பக்காதான் படுத்தபடியே கையை நீட்டி அதை அவிழ்த்தாள்.