அத்தை என்னை எழுதிய மாதம்

கூ நடந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. பட்டாளம் ஆட்சியைக் கவிழ்த்ததை எங்கள் தீவில், வுனிமோனோ கிராமத்தில், அப்படி ஒரே எழுத்தில் முடித்துவிடுவார்கள். ரேவா பாலத்தில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திப் பைகளைக் கிளறினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினார்கள். எனக்கோ, ஞாயிறு முழுக்க அத்தை வீட்டில் இருப்பார் என்பதுதான் அதில் இருந்த ஒரே செய்தி.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் வயலின் மறுகோடியில் இருந்த தகர வீட்டில் தனியாக இருந்தார், பள்ளிக்கூட டீச்சர், குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதுபவர். புத்தகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டென்சிலில் கீறி, பள்ளிக்கூட மெஷினில் மை ஒழுக உருட்டி, நடுவில் ஸ்டேப்பிள் அடித்த சில தாள்கள். படமும் அவரே போடுவார். தீமிதியன்று கோயில் வாசலில் உட்கார்ந்து சும்மாவே கொடுப்பார். வாங்கிப்போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டில் இந்தி பேசி வளர்ந்த கூட்டம். அப்பாவின் தங்கையை எல்லாரும் 'பூவா' என்று கூப்பிடுகிற ஊரில், 'அத்தை' என்றால்தான் இவர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவு வீம்பு.

"எவன் படிக்கப் போறான்னு இந்தப் பாடு படுறே?" என்பார் அப்பா.

"படிக்க வேணாம், அண்ணே. கேட்டா போதும்," என்பார். ஞாயிறு மதியம் பிள்ளைகளைக் கூட்டி அவரே வாசித்துக் காட்டுவார். நாங்கள் சிரிக்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு விழும். அந்த வரி மறுவாரம் இருக்காது.

கூவுக்கு முன்னால் அவர் கதைகளில் வந்த கீரியும் தவளையும் வெறும் கீரியும் தவளையும்தான். அதற்குப் பிறகுதான் ஊர்ப் பிள்ளைகள் அதில் நுழைந்தார்கள். ஓயாமல் தும்முகிற பையன் தும்முகிற தவளையானான். வெயிலிலும் குடையோடு திரிந்த பெண் ஒற்றைக்கால் கொக்கானாள். பெயர் இருக்காது, ஆனால் யாரென்று எங்களுக்குத் தெரியும். விழுந்து விழுந்து சிரிப்போம். தவளை சிட்னிக்குப் போயிருந்தான், கொக்கு கனடாவுக்கு. அதனால் அவர்கள் மட்டும் கேட்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. சொந்த அண்ணன் மகள் நான் இருக்க, தும்மலுக்கெல்லாம் கதையா? "என்னை எப்ப எழுதுவே?" என்று நச்சரித்தேன்.

"கண்ணு முன்னால நிக்கிற புள்ளய எதுக்குடி எழுதணும்? கூப்பிட்டா வர்றியே," என்றார். சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் போனபோது மேசையில் ஒரு மைனாவின் படம் கிடந்தது. முன்பல் இல்லாத மைனா! பறவைக்கு ஏது பல் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஊரிலேயே முன்பல் போனவளும் வாய் ஓயாதவளும் நான்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போய்த் தம்பட்டம் அடித்தேன்: "அத்தை என்னை எழுதுறாங்க!"

எதிர்வீட்டுப் பெரியம்மா கையிலிருந்த மாவோடு எழுந்து வந்தார். விசா அவர் வாயில் பீஸாதான். "அரே, உங்களுக்கும் பீஸா வந்துடுச்சா? உங்கப்பன் மூச்சே விடலியே!"

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அத்தை எழுதுவது ஊரை விட்டுப் போகிற பிள்ளைகளைத்தான் என்ற கணக்கு, பிள்ளைகளைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது. விசா கையில் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கண்பட்டுவிடும் என்பது அப்போது எல்லா வீட்டிலும் சட்டம். அப்பா சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அரை ஊர் எங்கள் வாசலில் நின்று, கட்டிலை விற்பீர்களா, மாட்டை யாருக்கு விடுவீர்கள் என்று கேட்டது.

அப்பா என்னை இழுத்துக்கொண்டு வயலைத் தாண்டி நடந்தார். அத்தைக்கு இன்று செம்மையாக விழப்போகிறது என்று எனக்கு உள்ளூரப் பயம்.

"யார் சொன்னா உனக்கு?" என்று கத்தினார்.

அத்தை கீறிக்கொண்டிருந்த எழுத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "அண்ணி இந்த வருஷம் அவரைக் கொடிக்குப் பந்தல் போடலியே, அண்ணே."

திட்ட வந்த அப்பா தரையில் உட்கார்ந்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான். "உன்ன சேர்க்க முடியாதாம். பொண்டாட்டி புள்ளைக்குத்தானாம்," என்றார். அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர்களின் சண்டை ஏன் இப்படி ஒப்பேறாமல் போகிறது என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

ஆக்லாந்து போகப் போகிறோம் என்று அன்றே தெரிந்துவிட்டது. எனக்கு அது பெரிதில்லை. அத்தை அடுத்த விமானத்தில் வருவார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். என் கவலை புத்தகம் முடியுமா என்பதுதான். மற்ற கதையெல்லாம் ஒரே வாரத்தில் முடித்தவர், இதை எழுதுகிறார், கிழிக்கிறார், மறுபடி எழுதுகிறார். பள்ளி விட்டதும் போய் நிற்பேன்.

"இன்னும் முடிக்கலியா? சோம்பேறி அத்தே!"

"முடிக்கலாம்டி. என்ன அவசரம்?"

ஒரு பக்கத்தில் மைனா ஸ்வெட்டர் போட்டிருந்தது. "மைனா ஏன் ஸ்வெட்டர் போடுது?" என்றேன். "அங்க குளிரும்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கப்படி அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அத்தை அடிக்க மறுத்தார். "இது இருக்கட்டும்," என்றார்.

நாண்டி விமான நிலையத்துக்குப் போக டாக்ஸி வந்த காலையில்தான் புத்தகம் கைக்கு வந்தது. மை கூடக் காயவில்லை. ஜன்னல் வழியாக அத்தை அதை என் மடியில் வைத்தார், என் தலையைத் தடவினார், ஏதோ சொன்னார். அம்மா விசும்பிக்கொண்டிருந்தார். அப்பா டிரைவரிடம் போகச் சொன்னார். அத்தை சாலையில் நின்று கை காட்டியிருப்பார். வளைவு வரும்வரை நின்றிருப்பார். அதை நான் பார்க்கவில்லை, முதல் பக்கத்து மைனாவைப் பக்கத்தில் இருந்த என் தம்பியிடம் காட்டி, "இது யார் தெரியுதா? நான்தான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.